குளிர்ச்சிக்கும் அளவு உண்டு: வீட்டில் சோப்பு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சோப்புக்காரச் சகோதரிகளுக்கும், நம்மோடு சேர்ந்து அச்சு கழுவும் தம்பிமார்களுக்கும்,



சமையலறை மேடையிலும் மொட்டைமாடிக் கொட்டகையிலும் சோப்பு ஊற்றி அக்கம்பக்கத்துக்கும் சொந்தபந்தத்துக்கும் சந்தைக்கும் கொடுத்துவரும் நம் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். சித்திரை பிறந்ததும் நம்மிடம் வரும் முதல் கேள்வி, "அக்கா, குளுகுளுன்னு இருக்கிற சோப்பு இருக்கா?" என்பதுதான். குப்பைமேனியும் ஆவாரம்பூவும் அந்த இரண்டு மாதம் பின்னுக்குப் போய்விடும். பெப்பர்மின்ட் சோப்பு மட்டும் காயவைத்த தட்டிலேயே முன்பதிவாகிவிடும். அந்தச் சோப்பில் ஊற்றும் பெப்பர்மின்ட் எண்ணெயை நம்மில் பலர் சொட்டுக் கணக்கில் விடுகிறோம். சிலர் மோந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் விடலாம்" என்று விடுகிறோம். இரண்டுமே கூடாது என்று சொல்லத்தான் இந்த மடல். அந்த எண்ணெயை எடை போட்டுத்தான் சேர்க்க வேண்டும். எவ்வளவு என்று முடிவு செய்யும்போது, அந்தச் சோப்பைத் தேய்க்கப்போகிறவர்களில் மிக மென்மையான தோல் யாருக்கோ அவரை மனத்தில் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

நாம் விற்கும் சோப்பு வாங்கியவரோடு நிற்பதில்லை. அவர் வீட்டுக் குளியலறையில் அது ஒரு கிண்ணத்தில் இருக்கும். மாமியார் எடுப்பார், பள்ளிப் பிள்ளை எடுக்கும், பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் எடுப்பாள், கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வருகிற பாட்டியம்மாள் எடுப்பார். உறையில் நாம் என்ன எழுதியிருந்தோம் என்பது அந்தக் கிண்ணத்தில் இருக்காது. ஆகவே உறையில் எழுதுவதோடு நம் பொறுப்பு முடிந்தது என்று இருக்க முடியாது. கலக்கும்போதே காப்பு இருக்க வேண்டும்.

"இயற்கைதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நூறு கிலோ பச்சைத் தழையை நீராவியில் காய்ச்சி வடித்தால் ஏறக்குறைய அரைக் கிலோ எண்ணெய்தான் தேறும். அப்படியானால் நம் கையில் இருக்கும் 20 கிராம் எண்ணெய் நாலு கிலோ தழையின் சாரம். நாலு கிலோ தழையை அரைத்துத் துவையலாக ஒருவரும் ஒரே வேளையில் சாப்பிடப் போவதில்லை. அதைத் தோலில் தேய்க்கிறோம் என்றால் கொஞ்சம் யோசித்துத்தான் தேய்க்க வேண்டும். இந்தத் தழை நம் வீட்டுப் புதினாவும் இல்லை. பிரியாணிக்கும் துவையலுக்கும் நாம் கிள்ளுகிற புதினாவின் மணம் கார்வோன் என்ற வேறொரு பொருளால் வருவது. அதில் மென்தால் மிகக் குறைவு. அந்தப் புதினாவும் நீர்ப்புதினாவும் கலந்து பிறந்த கலப்பினச் செடிதான் பெப்பர்மின்ட். அது விதை வைப்பதில்லை. ஓடும் தண்டை வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். துவையல் ஒத்துக்கொள்ளும் உடம்புக்குப் பெப்பர்மின்ட் எண்ணெயும் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்க இடமே இல்லை.

நல்ல பெப்பர்மின்ட் எண்ணெயில் 30 முதல் 55 சதவீதம் வரை மென்தால் இருக்கும். அடுத்துப் பெரிய பங்கு மென்தோனுக்கு. சிறு அளவில் மென்தோஃபியூரான், புலிகோன் என்று இரண்டு உண்டு. கல்லீரலுக்கு ஆகாதவை என்பதால் மருந்து நூல்கள் இவை இரண்டுக்கும் மேல்வரம்பு வைத்திருக்கின்றன. செடியை எந்தப் பருவத்தில் அறுத்தார்கள், பூ வந்த பிறகா முன்பா என்பதைப் பொறுத்து இந்த அளவுகள் ஏறி இறங்கும். ஆகவே "பெப்பர்மின்ட்" என்று ஒட்டிய இரண்டு பாட்டில்கள் ஒரே பொருளாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதை நம்மில் பலர் தவறாகச் சொல்லி விற்கிறோம். "உடம்புச் சூட்டை இழுத்துவிடும்" என்கிறோம். அது இழுப்பதில்லை. நம் தோலின் நரம்பு நுனிகளில் குளிரை உணர்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. சுமார் 26 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கினால் அது திறந்து, குளிர்கிறது என்று மூளைக்குச் சேதி அனுப்பும். மென்தால் பட்டால் வெப்பம் இறங்காமலேயே அது திறந்துகொள்ளும். இந்தப் புரதத்தை மென்தாலை வைத்துத்தான் 2002இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூடியன் என்ற அந்தக் குழுத் தலைவர்கள் இருவருக்கும் வெப்பத்தையும் தொடுதலையும் நாம் உணரும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு இதில் வேண்டிய சேதி இது: பெப்பர்மின்ட் சோப்பு போட்டுக் குளித்தவரின் தோல் சூடு குறைவதில்லை, குளிர்ந்ததாக நரம்பு சொல்கிறது, அவ்வளவுதான். அளவு கூடினால் அதே நரம்புகள் எரிச்சலைச் சொல்லும். முதலில் குளிர்ச்சியாக வந்து, துடைத்துக்கொண்டு வெளியே வந்தபின் குத்தலாகவும் எரிச்சலாகவும் மாறும். குளிர்ச்சி நன்றாக இருக்கிறது என்று கூடுதலாகத் தேய்த்துக்கொண்டிருப்பவருக்கு அது தோலைக் கடிக்கத் தொடங்கியதே தெரியாமல் போகலாம்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் எவ்வளவு நன்றாகக் கியூரிங் செய்தாலும் சோப்பு காரத்தன்மை உள்ள பொருள்தான். பி.ஹெச். அளவு 9க்கும் 10க்கும் நடுவே நிற்கும். அது தோலின் மேலடுக்கைக் கொஞ்சம் உப்பவைத்துத் தளர்த்தும். மென்தாலோ தன்னோடு சேர்ந்த பொருள்களையும் தோலுக்குள் ஏற்றிவிடும் தன்மை கொண்டது. பூசும் மருந்து செய்பவர்கள் அந்தக் குணத்துக்காகவே அதைச் சேர்ப்பதுண்டு. அதோடு காபித்தூள், நாட்டுச் சர்க்கரை, வால்நட் ஓட்டுத்தூள் என்று சுரண்டும் பொருள் ஏதாவது போட்டிருந்தால் அது தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும். ஸ்க்ரப் சோப்பில் பெப்பர்மின்ட் அளவைப் பாதியாக்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இப்போது எண்ணெய் வாங்கும் இடத்துக்கு வருவோம். நாம் அதிகம் ஏமாறுவது அங்கேதான்.

நம் நாட்டில் வடிக்கப்படும் புதினா எண்ணெயில் மிகப் பெரிய பங்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து வருகிறது. பாராபங்கி, சம்பல், ராம்பூர் பக்கம் விவசாயிகள் கோதுமைக்கும் உருளைக்கிழங்குக்கும் பின்னால், மழைக்கு முன்னால், வயலில் மென்தா போடுகிறார்கள். மே, ஜூனில் அறுத்து ஊரிலேயே இருக்கும் கொப்பரையில் வடித்துவிடுவார்கள். லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'கோசி' போன்ற ரகங்கள் அந்த வயல்களில் பெரிய அளவில் பரவின. ஆனால் அந்தப் பயிர் பெரும்பாலும் பெப்பர்மின்ட் இல்லை. மென்தா ஆர்வென்சிஸ் என்ற ஜப்பானியப் புதினா. அதன் எண்ணெயில் மென்தால் 70 சதவீதத்துக்கும் மேல். அதைக் குளிரவைத்தால் மென்தால் ஊசி ஊசியாகப் படிந்து நிற்கும். நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்கும் மென்தால் பெரும்பாலும் அதுதான். படிகத்தை எடுத்தபின் மிஞ்சுகிற எண்ணெயிலும் பாதிக்குக் கிட்ட மென்தால் இருக்கும். அந்த மிச்ச எண்ணெய்தான் பல இடங்களில் பெப்பர்மின்ட் என்ற பெயரில் விற்கிறது.

பெப்பர்மின்ட் எண்ணெய், ஆர்வென்சிஸ் எண்ணெய், இந்த மிச்ச எண்ணெய் மூன்றும் முகர்ந்தால் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சோப்பில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஒரு கிலோ கொழுப்பெண்ணெய்க்கு 20 கிராம் ஊற்றுங்கள் என்று பெப்பர்மின்ட்டுக்காக எழுதப்பட்ட ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டு, கையில் இருக்கும் ஆர்வென்சிஸ் எண்ணெயை 20 கிராம் ஊற்றினால், எட்டு கிராம் மென்தால் போக வேண்டிய இடத்தில் பதினாலு கிராம் போகிறது. குறிப்பு சரி, தராசும் சரி. சோப்பு மட்டும் கடிக்கும்.

அதனால் கடைக்காரரிடம் தாவரப் பெயரைக் கேளுங்கள். மென்தா பைபெரிட்டா என்று பாட்டிலில் அச்சாகியிருக்க வேண்டும். பேட்ச் எண் வேண்டும். அந்த பேட்ச்சின் ஜி.சி. அறிக்கையைக் கேளுங்கள். அந்த எண்ணெயில் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று பிரித்துக் காட்டும் பரிசோதனைத் தாள் அது. மென்தால் எவ்வளவு என்று அதில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். என்னிடம் ஒரு வியாபாரி, "நூறு பர்சென்ட் ப்யூர்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கும்மா ரிப்போர்ட்?" என்று கேட்டார். தூய்மையானது என்பது சரி, எதன் தூய எண்ணெய் என்பதுதான் நம் கேள்வி. அதற்குப் பதில் இல்லாத பாட்டிலைக் குளியல் சோப்புக்கு வாங்காதீர்கள். மளிகைக் கடையில் கேக்குக்கும் மிட்டாய்க்கும் விற்கும் பெப்பர்மின்ட் எசென்ஸ் வேறு சங்கதி. அது பெரும்பாலும் ஆல்கஹால் போன்ற ஏதாவதொரு கரைப்பானில் கலந்தது. சோப்புக் கலவையில் விட்டால் சில சமயம் கட்டியாகத் திரண்டு அச்சில் ஊற்றவே வராது.

இனி அளவு. இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சொட்டு என்பது அளவே இல்லை. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று எங்கும் எழுதியிருப்பார்கள். பாட்டில் மூடியின் துளை சிறுத்தால் அதே ஒரு மில்லி 30 சொட்டுக்கும் மேல் ஓடும். கோடையில் எண்ணெய் இளகினால் சொட்டு மெலியும். பாட்டிலைச் சாய்க்கும் கோணம் மாறினால் சொட்டு பருக்கும். கண்ணாடிப் பிப்பெட்டில் எடுத்து விட்டால் கணக்கே வேறு. சமையலில் கண் அளவுக்குப் பேர்போனவர்கள் நாம். உப்பு கூடினால் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுச் சரிசெய்துவிடுவோம். அச்சில் ஊற்றி உறைந்த சோப்பில் அப்படி எதையும் திரும்ப எடுக்க முடியாது. புள்ளிக்குப் பின் ஓரிலக்கமாவது காட்டும் சிறு டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய விலை இல்லை. அதன்மேல் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை வைத்து, பூஜ்யமாக்கி, எண்ணெயை ஊற்றுங்கள். தேநீர்க் கடை வெள்ளை நுரைக் கப்பிலோ மெலிந்த பிளாஸ்டிக் கப்பிலோ ஊற்றாதீர்கள். எண்ணெய் பட்ட இடம் கொழகொழவென்று இளகி, கப்பின் அடி தராசுத் தட்டில் ஒட்டிக்கொள்ளும். கரைந்த பிளாஸ்டிக் சோப்புக்குள் போகும். மில்லியில் அளப்பவர்கள் ஒன்று நினைவில் வையுங்கள்: இந்த எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, ஒரு மில்லி சுமார் 0.9 கிராம்தான்.

காஸ்டிக் சோடா கரைத்து நாமே செய்யும் சோப்பில், நறுமண எண்ணெய்கள் எல்லாம் சேர்ந்து கொழுப்பெண்ணெய் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உலகெங்கும் சோப்புக்காரர்கள் வைத்திருக்கும் பொதுவான எல்லை. பெப்பர்மின்ட்டுக்கு அந்த எல்லை வரை போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் எல்லோரும் தொடுகிற குளியல் சோப்புக்கு 1 சதவீதம். அதாவது தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், மற்ற எண்ணெய் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ என்றால் பெப்பர்மின்ட் 10 கிராம். வயலில் வேலை செய்து வருபவருக்கான கால் சோப்பு, கை சோப்பு என்று தனியாகச் செய்து, அப்படியே எழுதி விற்றால் 2 சதவீதம், 20 கிராம் வரை போகலாம். தலைக்குப் போடும் ஷாம்பு சோப்பில் அரை சதவீதம் போதும்; அந்த நுரை கண்ணில் இறங்கியே தீரும். கையில் இருப்பது ஆர்வென்சிஸ் எண்ணெய் என்று தெரிந்தால் இந்த எல்லா அளவுகளையும் பாதியாக்குங்கள்.

மணம் போதவில்லை என்று தோன்றும், தோன்றட்டும். ஊற்றும்போது நம் மூக்கு ஏற்கெனவே மரத்துப்போயிருக்கும். அரை மணி நேரம் அந்த அறையில் நின்றவருடைய மூக்கு எதையும் அளக்கப் பயன்படாது.

சோப் பேஸை உருக்கி ஊற்றும் சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் 1 சதவீதமும் காஸ்டிக் சோடா சோப்பின் 1 சதவீதமும் ஒன்றல்ல. அங்கே சதவீதம் போடுவது கொழுப்பெண்ணெய் எடைக்கு. அதன்மேல் சோடாவும் தண்ணீரும் சேர்ந்து, காய்ந்த பிறகும் ஒரு கிலோ எண்ணெய் ஏறக்குறைய 1.4 கிலோ சோப்பாக நிற்கும். 10 கிராம் ஊற்றினால் நூறு கிராம் கட்டியில் இருப்பது 0.7 கிராம். உங்கள் பேஸில் ஒரு கிலோவுக்கு 10 கிராம் ஊற்றினால் நூறு கிராம் கட்டியில் ஒரு கிராம் முழுதாக நிற்கும். வேறு வகைச் சோப்புக்கான குறிப்பைப் பார்த்து அதே எண்ணை எடுத்துக்கொள்பவர் தம்மை அறியாமலே ஒன்றரை மடங்குக்குக் கிட்டப் போகிறார். பேஸ் ஒரு கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் போதும். பேஸ் விற்பவர் அதற்கும் குறைவான வரம்பு சொல்லியிருந்தால் அதுவே சட்டம்.

குளிர்ச்சி இன்னும் வேண்டும் என்று மென்தால் படிகத்தைத் தனியாகப் போடுபவர்கள் நம்மில் உண்டு. பத்து கிராம் மென்தால் என்பது நடுத்தரமான பெப்பர்மின்ட் எண்ணெய் 25 கிராமுக்குச் சமம். அதைப் போட்டுவிட்டு மேலே எண்ணெயையும் ஊற்றி, நீலகிரித் தைலமும் பச்சைக் கற்பூரமும் சேர்த்தால் அது குளியல் சோப்பு இல்லை, தைலக் கட்டி. எல்லாவற்றையும் கூட்டி ஒரே கணக்கில் பாருங்கள். என்னைக் கேட்டால் மென்தால் படிகத்தைக் குளியல் சோப்பில் சேர்க்கவே வேண்டாம்.

கலக்கும் முறையில் பெப்பர்மின்ட் நமக்குத் தொல்லை தராத எண்ணெய். கிராம்பு, லவங்கப்பட்டை எண்ணெய்கள் மாதிரி கலவையைச் சட்டென்று இறுக்கிவிடாது; நிறத்தையும் மாற்றாது. கலவை கெட்டிப்பட்டு ட்ரேஸ் வந்தபின், அதன் சூடு 45 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் கடைசியாகச் சேர்த்துக் கரண்டியால் கலக்குங்கள். அடுப்பில் வேகவைத்துச் செய்பவர்கள் வெந்து முடிந்து, அடுப்பை அணைத்து, சூடு தணிந்தபிறகுதான் விட வேண்டும். இந்த எண்ணெயின் ஆவி ஏறக்குறைய 66 முதல் 70 டிகிரியிலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். எரிகிற கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் பாட்டிலைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் பேஸில் ஊற்றினால் ஆவி நேரே முகத்தில் அடித்துக் கண் திறக்க முடியாமல் எரியும். காஸ்டிக் சோடா பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தண்ணீரில் சோடாவைப் போடுங்கள், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், ஹைட்ரஜன் வாயு கிளம்பும். கண்ணாடியும் கையுறையும் கழற்றாதீர்கள். பெப்பர்மின்ட் ஊற்றும் நேரத்துக்குள் "சோடா வேலை முடிந்தது" என்று பலர் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள். ட்ரேஸ் வந்த கலவையிலும் சோடா முழுதாகத் தீர்ந்திருக்காது.

கலக்காத எண்ணெய் கையில் கொட்டினால் உடனே தண்ணீரில் நீட்டாதீர்கள். அது தண்ணீரோடு கலக்காமல் பரவும். முதலில் சமையல் எண்ணெய் தடவிய துணியால் துடைத்து, பிறகு சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் நேராகத் தண்ணீர்தான்: குழாயடியில் கால் மணி நேரம் விடாமல் கழுவி, டாக்டரிடம் போக வேண்டும்.

பச்சைக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள். "பேபி சோப்பில் ஒரே ஒரு சொட்டு பெப்பர்மின்ட் போடலாமா?" என்று கேட்டால் பதில்: கூடாது. இரண்டு வயதுக்குக் கீழே மென்தால் ஆவி மூக்கில் ஏறினால் குரல்வளை இறுகி மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு. அந்த வயதுக் குழந்தைகளுக்குப் பெப்பர்மின்ட் எண்ணெயைப் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய மருந்துகள் முகமை சொல்வது இந்தக் காரணத்துக்காகத்தான். பிறந்த குழந்தைக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உடம்பில் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் பிலிருபினைக் கல்லீரல் எந்த வழியில் கழிக்கிறதோ அதே வழியில்தான் மென்தாலையும் கழிக்கிறது. பிறந்த சிசுவுக்கு அந்த வழி இன்னும் சரியாகத் திறந்திருக்காது. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு மென்தால் தைலம் பூசியதில் காமாலை முற்றிய நிகழ்வுகளை நைஜீரிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் குறைபாடு நம் நாட்டிலும் உண்டு. இருப்பது பெற்றோருக்கே தெரியாமலும் இருக்கலாம். சோப்பு கழுவிப் போகிற பொருள், தைலம் போலத் தோலில் நிற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் கதவைச் சாத்திய சின்னக் குளியலறையில், வெந்நீர் ஆவிக்கு நடுவே, காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்க்கும் நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலடியில் பெப்பர்மின்ட் சோப்பு இருக்கக் கூடாது.

வாங்க வருபவர், "வீட்டில் கைக்குழந்தை இருக்கு, எல்லாருக்கும் ஒரே சோப்பா குடுங்க" என்றால் பெப்பர்மின்ட்டைக் கொடுக்காதீர்கள். மணமில்லாத வெறும் தேங்காயெண்ணெய்ச் சோப்பைக் கையில் வையுங்கள். விலை குறைவாகத்தான் போகும், போகட்டும். ஆஸ்துமா இருப்பவர்களில் சிலருக்கும் இந்த நெடி சேராது. வாங்குமுன் கேட்டுவிடுவது நல்லது. கர்ப்பிணிகளும் தோல் நோய்க்கு மருந்து பூசுபவர்களும் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். வீட்டில் பூனை இருந்தால் சோப்புக் கிண்ணத்தையும் எண்ணெய்ப் பாட்டிலையும் அது நக்க முடியாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்; இந்த எண்ணெயைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

பாட்டில்கள் பற்றி. மொத்தமாக ஒரு லிட்டர் வாங்கிப் பிரித்துக்கொள்ளும் குழுக்கள் இருக்கின்றன. அப்படிப் பிரிக்கும்போது பழைய இருமல் மருந்து பாட்டிலிலோ ஓம வாட்டர் பாட்டிலிலோ ஊற்றி ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். பார்ப்பதற்கு ஓமத் தண்ணீரைப் போல இருக்கும்; வயிறு வலிக்கிறது என்று யாராவது மூடியில் ஊற்றிக் குடித்துவிடுவார்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், பெரிய எழுத்தில் பெயர், திறந்த தேதி, பூட்டுள்ள அலமாரி. சூடும் வெளிச்சமும் காற்றும் பட்ட எண்ணெய் நாளடைவில் கெடும்; கெட்ட எண்ணெய் தோலில் ஒவ்வாமையை எளிதாகக் கிளப்பும். பாதிக்குமேல் காலியான பாட்டிலில் காற்று அதிகம் நிற்பதால், மிச்சத்தைச் சின்னப் பாட்டிலுக்கு மாற்றுங்கள்.

விற்பனை என்று வந்துவிட்டால் சட்டமும் வருகிறது. குளியல் சோப்பு நம் நாட்டில் அழகுசாதனப் பொருள். 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளும் அதற்குப் பொருந்தும். விற்பதற்குத் தயாரிக்க மாநில உரிமம் வேண்டும். சிறிய அளவில் செய்கிறோம் என்பதால் நமக்கு இல்லை என்று நினைக்காதீர்கள். தனியாக முடியவில்லை என்றால் உரிமம் உள்ள ஒரு கூடத்தோடு குழுவாகச் சேர்ந்து செய்யலாம். உறையில் "வியர்க்குரு போக்கும்", "தலைவலி தீர்க்கும்", "சூட்டுக் கட்டியை ஆற்றும்" என்றெல்லாம் எழுதினால் நீங்கள் சோப்பு விற்பவர் ஆகமாட்டீர்கள், உரிமம் இல்லாமல் மருந்து விற்பவர் ஆவீர்கள். வியர்க்குரு வெடித்த தோலில் பெப்பர்மின்ட் பட்டால் எப்படி எரியும் என்பது ஒரு தரம் பட்டவருக்குத் தெரியும்.

அதற்குப் பதில் உறையில் நான் எழுதுவதைத் தருகிறேன். பிடித்தால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். "பெப்பர்மின்ட் எண்ணெய் சேர்ந்தது. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு வேண்டாம். முகம், கண்ணோரம், மறைவிடங்கள், காயம், புதிதாக ஷேவ் செய்த தோல் ஆகிய இடங்களில் தேய்க்க வேண்டாம். முதல் தரம் முழங்கையின் உட்புறம் தேய்த்துக் கழுவி இரண்டு நாள் பாருங்கள். எரிந்தால் நிறுத்துங்கள்." அந்த இரண்டு நாளை நான் சும்மா போடவில்லை. எரிச்சல் உடனே தெரியும்; ஒவ்வாமையோ ஒரு நாள் கழித்து, சில சமயம் மூன்றாம் நாள்கூடத் தலைகாட்டும். உறையோடு நிற்காமல், கட்டி உறையும் முன்பு அச்சின் அடியில் ஒரு சின்ன இலை முத்திரையாவது பதியுமாறு வையுங்கள். உறை போனபிறகும் எந்தக் கட்டியில் பெப்பர்மின்ட் இருக்கிறது என்று வீட்டில் இருப்பவர்களுக்கு அது சொல்லும். குழந்தைகளுக்கான மணமில்லாத சோப்புக்கு முற்றிலும் வேறு வடிவ அச்சு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தேதி, கொழுப்பெண்ணெய்களின் எடை, சோடா, பெப்பர்மின்ட் எத்தனை கிராம், எந்த பேட்ச் எண்ணெய், யாருக்கெல்லாம் கொடுத்தோம் என்று ஒரு பக்கம் எழுதி, அந்தப் பக்கத்துக்கு ஓர் எண் போடுங்கள். அந்த எண்ணை உறையிலும் எழுதுங்கள். யாராவது வந்து, "அக்கா, இந்தத் தடவை சோப்பு கொஞ்சம் கடிக்குது" என்றால், "உங்க தோலுக்கு ஒத்துக்கலை போல" என்று அனுப்பிவிடாதீர்கள். கட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பணத்தைக் கொடுத்து, நோட்டைப் புரட்டி அந்த நாளின் பக்கத்தைப் பாருங்கள். அதே ஊற்றில் செய்த கட்டி இன்னும் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு அன்றைக்கே போன் போட்டு, இப்போதைக்குத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிறகு எண்ணெய் விற்றவரிடம் அந்த பேட்ச்சின் அறிக்கையைத் திரும்பக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களோடு சோப்பு ஊற்றும் ஒருத்தி